தின்ன வைத்த மூட்டை

என் அக்காள் புருஷன் தெய்வசிகாமணிக்கு ஓர் இடத்தில் உட்காரத் தெரியாது. டீக்கடையில் டீ சொல்லிவிட்டு ரோட்டுக்குப் போய் நிற்பார். பேருந்தில் இடம் கிடைத்தாலும் எழுந்து படிக்குப் பக்கத்தில் வந்து நின்றுகொள்வார். நான் டிராக்டர் ஓட்டிப் பிழைக்கிறவன். சாவியைத் திருப்பினால் என் வண்டிகூட அடங்கிவிடும், இந்த மனுஷன் அடங்கமாட்டார்.

அவர் உட்காருவது ஒரு நாளைக்கு ஒரு நேரம்தான். சாயங்காலம் நாலு மணிக்கு, களமருதூரில் அவருடைய மோட்டார் கொட்டகைக்கு முன்னால் இருக்கிற தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில் உட்காருவார். சட்டைப் பையில் ஒரு கைப்பிடி மல்லாட்டை இருக்கும். கடைப் பாக்கெட்டில் வேர்க்கடலை என்று போட்டிருக்கிறார்களே, அதுதான் எங்கள் பக்கத்தில் மல்லாட்டை. ஒவ்வொன்றாக உடைத்து, உள்தோலோடு வாயில் போட்டு, அவசரமில்லாமல் மெல்லுவார். அந்த நேரத்தில் போய் எதைக் கேட்டாலும் பதில் நிதானமாக வரும். உழவுக்கு நாள் பேச நான் நாலு மணி பார்த்துத்தான் அவரிடம் போவேன்.

எங்கள் ஊரில் மல்லாட்டையைப் பிடுங்கி, ஆய்ந்து, காயவைத்து, விற்கிறதை விற்றுவிட்டு, மிச்சத்தை வீட்டில் மூன்றாகப் பிரித்து வைப்போம். விதைக்கு ஒரு பங்கு. பஞ்சமே வந்தாலும் அதில் கை வைக்கக் கூடாது. எண்ணெய் ஆட்ட ஒரு பங்கு. மூன்றாவது, தின்ன வைத்த மூட்டை. அது நடுவீட்டு மூலையில் வாய் கட்டாமல் கிடக்கும். போகிறவர் வருகிறவர் எல்லாம் ஒரு கை அள்ளிக்கொண்டு போவார்கள். என் மாமா வீட்டில் அந்த மூட்டை அடுத்த அறுப்பு வரைக்கும் தாங்கினதாகச் சரித்திரம் கிடையாது.

போன சித்திரையில் அவருடைய அண்ணன் அரங்கநாதன் செத்துப்போனார். மல்லாட்டை பிடுங்குகிற நாள் அது. வேலை முடிந்து ஆட்களோடு வரப்பில் உட்கார்ந்து, பெரிய குண்டானில் அவித்த மல்லாட்டையை எல்லோரும் தின்றுகொண்டிருந்தோம். பேசிக்கொண்டே இருந்தவர் அப்படியே பக்கத்து ஆள் தோளில் சாய்ந்தார். என் டிராக்டரில்தான் ரோடு வரைக்கும் தூக்கிக்கொண்டு ஓடினோம். ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் முடிந்துவிட்டது. மாரடைப்பு என்றார்கள்.

அரங்கநாதன் ஒரு நாளைக்கு இரண்டு கட்டு பீடி குடிக்கிறவர். சர்க்கரை இருந்தது, பிரஷர் இருந்தது, இரண்டுக்கும் கொடுத்த மாத்திரை அட்டை பிரிக்காமல் பரணில் கிடந்தது. ஊருக்கே தெரிந்த விஷயம் இது. ஆனால் என் மாமா பார்த்தது பீடியை இல்லை. டிராக்டர் பெட்டியில் அண்ணன் தலையை மடியில் வைத்துக்கொண்டு வந்தபோது, செத்தவர் கைக்குள் உடைத்தும் உடைக்காமலும் ஒரு மல்லாட்டைக் காய் இருந்தது. அதைத்தான் பார்த்தார்.

காரியம் முடிந்த மறுநாள் மூலையில் இருந்த புது மூட்டையைக் காலால் தள்ளினார்.

"இதப் பிழிஞ்சா இன்னா வருது? எண்ண. எண்ணன்னா இன்னா? கொழுப்பு. சின்ன வயசுலேந்து அண்ணனும் நானும் இதத்தான தின்னுக்கினு இருந்தோம். அவன அடச்சிப்புடுச்சி. அடுத்தது நான்தான்."

"யாரு மாமா சொன்னது உங்களுக்கு?" என்று கேட்டேன்.

"யாரு சொல்லணும்? கையில வெச்சிக்கினு செத்தான்டா."

இதற்கு மேல் இந்த ஆளிடம் வாதம் பண்ண முடியாது. அன்றைக்கு விட்டார் மல்லாட்டையை. நாலு மணிக்குத் தொட்டி விளிம்பு காலியாகக் கிடந்தது. அந்த ஒரு நேரம் உட்காருவதும் போயிற்று. நாலு மணி ஆனால் வண்டியை எடுத்துக்கொண்டு ரோட்டுக் கடைக்குப் போவார், போண்டா தின்பார். வீட்டுக்கு வந்து ஒரு மணி நேரத்தில் பசிக்கும், டீயில் ரஸ்க் தோய்த்துச் சாப்பிடுவார். பொழுது சாய்ந்ததும் மிக்சர். ஒரு கைப்பிடி மல்லாட்டை தின்ற காலத்தில் ராத்திரிச் சோறு வரைக்கும் வாயைத் திறக்காதவர், இப்போது வயிற்றுக்குள் யாரோ கூப்பிடுகிற மாதிரி ஓயாமல் எதையாவது தேடிக்கொண்டிருந்தார்.

அந்த மூட்டை என்ன ஆயிற்று என்று நாங்கள் யாரும் யோசிக்கவில்லை. என் அக்காள் அம்சவள்ளி ஒரு பொருளை வீணாகப் போக விடமாட்டாள். தின்ன ஆளில்லாமல் கிடந்தால் வண்டு விழுந்துவிடும் என்று ஆட்டுகிற பங்கோடு சேர்த்து அதையும் மில்லுக்கு அனுப்பிவிட்டாள். வழக்கமாக வருவதற்கு மேல் கூடுதலாக ஒரு டின் எண்ணெய் வந்தது. எண்ணெயை ரொம்ப நாள் வைத்தால் காறல் எடுத்துவிடுமே! அதனால் வடை, முறுக்கு, அதிரசம், அப்பளம் என்று வீட்டில் அடுப்பு ஓயவில்லை. கத்தரிக்காய்கூட எண்ணெயில் நீந்திக்கொண்டுதான் தட்டுக்கு வந்தது. நானும் தின்றேன், நன்றாகவே இருந்தது. மாமாவும் தின்றார். மல்லாட்டையை மட்டும் தொடமாட்டார், விரதம்.

ஆடி மாதத்தில் சட்டைப் பொத்தான் பூட்டவில்லை. வாய்க்கால் மேட்டில் ஏறினால் மூச்சு வாங்கியது. அவருக்கு ஒரே பெண், நர்மதா. கள்ளக்குறிச்சியில் தங்கி நர்சிங் படிக்கிறாள், மூன்றாம் வருஷம். அவள் பிடிவாதம் பிடித்து அப்பாவைக் கள்ளக்குறிச்சிக்கு வரவழைத்து ஒரு டாக்டரம்மாவிடம் காட்டினாள். சித்திரைக்குப் பிறகு ஐந்து கிலோ ஏறியிருந்தார். கெட்ட கொழுப்பு நூற்று அறுபத்தெட்டு. நூற்று முப்பதுக்குக் கீழே இருக்க வேண்டும், சாப்பாட்டை மாற்றுங்கள், நடங்கள், மூன்று மாதம் கழித்துப் பார்த்து மாத்திரை வேண்டுமா என்று சொல்கிறேன் என்று டாக்டரம்மா சொன்னார்.

என் மாமா அதிலிருந்து எடுத்துக்கொண்டது ஒன்றுதான்.

"மல்லாட்டைய உட்டும் ஏறுது பாத்தியா மாப்ள. அம்பது வருசமா தின்னது உள்ளயே தேங்கிக்கினு இருக்குது. இனிமே ஒண்ணும் பண்ண முடியாது."

அதற்குப் பிறகு அவர் செத்துக்கொண்டிருக்கிறவர் மாதிரியே நடந்துகொள்ள ஆரம்பித்தார். மோட்டாருக்கு எந்த ஒயர் எங்கே போகிறது என்று என்னை நிற்கவைத்துக் காட்டினார். பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தார். ஆவணியில் ஒரு நாள் திருநாவலூரிலிருந்து ஆட்களைப் பெண் பார்க்க வரச் சொல்லிவிட்டார். மாப்பிள்ளை காசிநாதன், உரக்கடை வைத்திருக்கிறான். ஒரு குறையும் சொல்ல முடியாத பையன். நர்மதா லீவில் வந்திருந்த நாளாகப் பார்த்து வந்தார்கள், காபி குடித்தார்கள், பிடித்திருக்கிறது என்றார்கள். கார்த்திகையில் நிச்சயம், தையில் கல்யாணம். கல்யாணத்துக்குப் பிறகு படிப்பு எதற்கு என்று மாப்பிள்ளையின் அம்மா சிரித்துக்கொண்டே கேட்டார், என் மாமா தலையை ஆட்டினார். நர்மதாவுக்கு இன்னும் ஒன்றரை வருஷப் படிப்பு இருந்தது.

அவர்கள் வண்டி தெரு முனை திரும்பியதும் நர்மதா பட்டுப்புடவையோடு சமையல்கட்டுக்குள் போய்த் தண்ணீர் குடித்தாள். அவள் கண் அலமாரிக்குக் கீழே போனது.

"இன்னாம்மா, ரெண்டு டின்னு இருக்குது?"

"ஒண்ணு எப்பவும் ஆட்டறது. இன்னொண்ணு தின்ன வெச்ச மூட்ட. உங்கப்பாதான் தொடமாட்டன்னுட்டாரே, அதையும் ஆட்டிட்டன்" என்றாள் அக்காள்.

நர்மதா டம்ளரைக் கீழே வைத்தாள். அடுப்புக்குப் பக்கத்தில் விருந்தாளிகளுக்குச் சுட்டு மிஞ்சின வடை ஒரு தட்டு நிறைய இருந்தது. அவள் அதைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்கு வந்தாள்.

"அப்பா, நீ மல்லாட்டைய உடவே இல்ல. மூட்டையோட உன் வயித்துலதான் எறங்கியிருக்குது."

மாமா புரியாமல் பார்த்தார். எனக்கும் ஒரு நொடி கழித்துத்தான் உறைத்தது. உறைத்ததும் சிரிப்பு வந்துவிட்டது. என் அக்காள் முறைத்தாள், அடக்கிக்கொண்டேன்.

"பிழிஞ்சா எண்ணதானன்னு நீ சொல்ற. பிழியாத வரைக்கும் அது வேறப்பா. முழுசா மென்னு தின்னா அதுல இருக்கற எண்ண அத்தனையும் ஒடம்புல சேராது, கொஞ்சம் சக்கையோடவே வெளிய போயிடும். நாரு இருக்குது. பசி அடங்கிடும். நீ நாலு மணிக்கு ஒரு கை தின்னப்ப போண்டா தின்னியா? ரஸ்க்கு தின்னியா? மல்லாட்ட கெட்ட கொழுப்ப கொஞ்சம் எறக்குமே தவிர ஏத்தாது. ஏத்துனது கடைல பாமாயில்ல சுட்டத தின்ன பாரு, அது. ஒடம்பு வெச்சது இந்த டின்னு."

"அப்ப உங்க பெரியப்பன்?"

"பெரியப்பா பீடிய உட்டாரா? சக்கர மாத்திர போட்டாரா?"

"செத்தவனப் பேசாத" என்று மாமா கத்தினார். கத்திவிட்டு வாசலுக்குப் போனார், திரும்பி வந்தார், மறுபடியும் போனார்.

நர்மதா அவர் பின்னாலேயே போனாள். அவள் குரலை உயர்த்தவில்லை. "நீ போயிடுவன்னு பயந்துக்கினுதான என்ன தையில கட்டிக் குடுக்கற. அந்தக் காசிநாதன் மேல எனக்கு ஒண்ணும் கோவம் இல்ல. ஆனா படிப்ப பாதில உட்டுட்டு என்னால போவ முடியாது. கொழுப்பு எறங்கிட்டா உன் பயம் போயிடும்ல? மூணு மாசம் நான் சொல்றத சாப்புடு."

மாமா நின்றார். பந்தயம் என்றால் அவருக்கு ஒரு பிடிப்பு உண்டு, அது அவளுக்கும் தெரியும்.

"நூத்தி முப்பதுக்குக் கீழ வந்தா நீ படி. திருநாவலூர்க்காரங்களுக்கு நான் பதில் சொல்லிக்கறன். வரலன்னா தையில கழுத்த நீட்டணும். ஒரு பேச்சி பேசக் கூடாது."

"பேசமாட்டன்."

"மாப்ள, நீதான் சாட்சி."

ஒரு பெண்ணின் படிப்பை அப்பன் ரத்தத்தில் வைத்துக் கட்டின பந்தயத்துக்கு நான் சாட்சி. அன்றைக்கே எனக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் இரண்டு பேரும் ஒரே ரத்தம், நடுவில் போய் நின்றால் என்னைத்தான் கடிப்பார்கள்.

அவள் சொன்னது இவ்வளவுதான். எண்ணெய் டின்னில் ஒன்றை விற்றுவிடுவது. போண்டா, ரஸ்க், மிக்சர் கிடையாது. அவற்றுக்குப் பதிலாக, நாலு மணிக்கு உப்புப் போடாமல் வறுத்த மல்லாட்டை ஒரு கைப்பிடி. பதிலாகத்தான், அவற்றோடு சேர்த்து இல்லை. வயலுக்கு வண்டியில் போகாமல் நடந்து போவது.

மல்லாட்டைக்கு எங்கே போவது? வீட்டில் இருந்தது விதை மட்டும்தான். மல்லாட்டை விளைகிற வீட்டுக்காரன் கடையில் போய் வாங்கினால் ஊர் சிரிக்கும் என்று மாமா என்னை உளுந்தூர்பேட்டைக்கு அனுப்பினார். பாக்கெட்டைச் சட்டைக்குள் மறைத்துக் கொண்டுவரச் சொன்னார். சாராயம் கடத்துகிறவன் மாதிரி கொண்டுவந்து கொடுத்தேன்.

முதல் நாள் அவர் தின்றதை நான் பார்த்தேன். தொட்டி விளிம்பில் அக்காளைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார். அவள் உடைத்துக் கொடுத்ததில் ஒரு பருப்பை எடுத்தார், பார்த்தார், திரும்பவும் கையில் போட்டார். இடது கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு ஒன்றை வாயில் போட்டார். மென்று விழுங்கிவிட்டுக் காத்திருந்தார். என் அக்காள், "இன்னாங்க, எதுனா பண்ணுதா?" என்று கேட்டாள். "இரு, எறங்கிக்கினு இருக்குது" என்றார். வேறு நேரமாக இருந்தால் நான் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன். அவர் கண்ணில் தண்ணீர் நின்றுகொண்டிருந்தது. அண்ணன் ஞாபகம் வந்திருக்கும். நான் வயல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

புரட்டாசியில் ஒரு நாள் பேட்டரி வாங்க உளுந்தூர்பேட்டை போனேன். பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு கடையில் என் மாமா முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறார். கையில் போண்டா. அந்த வாரம் நர்மதா வந்து எடை போட்டபோது ஒரு கிலோ ஏறியிருந்தார். என்ன கணக்கு இது என்று அவள் குழம்பிப்போயிருந்தாள். இதுதான் கணக்கு. நாலு மணிக்கு ஒரு கைப்பிடி மல்லாட்டை, அதற்கு மேலே போண்டா.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "மாமா, நீங்க யாரு ஜெயிக்கணும்னு இதத் தின்றீங்க?"

அவர் திடுக்கிட்டுத் திரும்பினார். போண்டாவை வாழையிலையோடு கீழே வைத்தார். அங்கேயும் நிற்க முடியாமல் ரோட்டோரம் நடக்க ஆரம்பித்தார், நான் பின்னால் போனேன்.

"தெரியல மாப்ள. எறங்குச்சின்னா நான் பொழச்சிக்குவன், கல்யாணம் நின்னுடும். எறங்கலன்னா கல்யாணம் நடந்துடும், நான் போயிடுவன். காலைல எழுந்தா சாமிகிட்ட எறக்கி உடுன்னு கேக்கறன். சாயங்காலம் ஆனா, எறங்கி, அப்பால திடீர்னு நான் போயிட்டா இந்தப் பொண்ண யாரு பாப்பாங்கன்னு பயமா இருக்குது. நான் இன்னாத்தடா வேண்டிக்கறது?"

நான் இருக்கிறேனே என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அது அவருக்கு வேண்டிய பதில் இல்லை. அப்பன் இருக்கிற இடத்தில் மாமன் நின்று என்ன பிரயோஜனம்? ஒரு டீ வாங்கிக் கொடுத்து, சர்க்கரை கம்மி என்று நானே சொல்லி, வண்டியில் உட்காரவைத்துக் கூட்டிக்கொண்டு வந்தேன். அந்த விஷயத்தை நர்மதாவிடம் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு அவர் கடைக்குப் போகவில்லை என்றுதான் நினைக்கிறேன். நாலு மணிக்குத் தொட்டி விளிம்பில் ஆள் இருந்தார். நெஞ்சில் கை வைக்கிறதை எப்போது விட்டார் என்று தெரியவில்லை, ஒரு நாள் பார்த்தேன், இரண்டு கையாலும் உடைத்துக்கொண்டிருந்தார். ஐப்பசி மழையில் குடை பிடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்து தின்றதாக அக்காள் திட்டினாள். சட்டைப் பொத்தான் பூட்டியது. ஆனால் மற்ற நேரமெல்லாம் பழையபடிதான். கார்த்திகை நெருங்க நெருங்க அவர் கால் தரையில் பாவவில்லை. திருநாவலூரிலிருந்து நிச்சயத்துக்கு நாள் கேட்டு போன் வரும், சொல்கிறேன் சொல்கிறேன் என்று வைத்துவிடுவார். அங்கே கள்ளக்குறிச்சியில் நர்மதாவும் படித்தது எதுவும் தலையில் ஏறாமல் திரிந்தாள் என்று பிற்பாடு கேள்விப்பட்டேன்.

ரத்தம் கொடுக்கிற அன்றைக்கு வெறும் வயிற்றோடு என்னைக் கூட்டிக்கொண்டு கள்ளக்குறிச்சிக்குக் கிளம்பினார். நர்மதா ஊரில் இல்லை. கல்லூரியிலிருந்து கரியாலூரில் நடக்கிற மருத்துவ முகாமுக்கு அனுப்பியிருந்தார்கள். மலையில் பல நேரம் போன் எடுக்காது. ரத்தத்தைக் கொடுத்துவிட்டு, இட்லி தின்றுவிட்டு, ரிப்போர்ட் வரும் வரைக்கும் அந்தத் தெருவை என் மாமா இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் அளந்துகொண்டே இருந்தார். டாக்டரம்மா கூப்பிட்டதும் தனியாக உள்ளே போனார். வெளியே வந்தபோது காகிதம் நாலாக மடிந்து சட்டைப் பையில் இருந்தது.

"எவ்ளோ மாமா?"

"பாப்பா பாக்கட்டும்."

"எங்கிட்ட சொன்னா இன்னா? நான் சாட்சிதான?"

நேராக மருந்துக் கடைக்குப் போய்ச் சீட்டைக் காட்டினார். மாத்திரை வாங்கினார். அதைப் பார்த்ததுமே எனக்கு விஷயம் பாதி விளங்கிவிட்டது. இறங்கியிருந்தால் மாத்திரை எதற்கு? பாவம் அந்தப் பெண் என்றுதான் முதலில் நினைத்தேன். அதற்கு அப்புறம்தான் இந்த மனுஷனும் பாவம் என்று தோன்றியது.

"வெள்ளிமல பஸ்ஸு எங்க நிக்கும்?" என்று கேட்டார். கரியாலூர் அந்த வழியில்தான் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை நர்மதாவே வரப் போகிறாள், அதுவரைக்கும் பொறுக்கலாம் என்று சொல்லிப் பார்த்தேன். காதில் வாங்காமல் நடந்தார். கச்சிராயபாளையம் தாண்டி மலை ஏறத் தொடங்கியதும் பேருந்துக்குள் பனி வந்தது. நான் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். அவர் வழி முழுக்கப் படிக்குப் பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார், ஒவ்வொரு வளைவிலும் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். நடத்துனர் இரண்டு தடவை உள்ளே போகச் சொல்லி அலுத்துப் போனார்.

கரியாலூரில் சுகாதார நிலையத்தைக் கேட்டுப் போனோம். வெளி வராந்தாவில் நர்மதா சீருடையில் நின்று மலைக்காரப் பெண்களுக்கு எடை பார்த்துக்கொண்டிருந்தாள். வெள்ளச்சி என்று பெயர் கூப்பிட்டதும் ஓர் அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு மெஷினில் ஏறினார். எடையைச் சொல்ல வாயெடுத்த நர்மதா அப்போதுதான் எங்களைப் பார்த்தாள். அப்பா சொல்லாமல் கொள்ளாமல் மலை ஏறி வந்திருக்கிறார் என்றால் என்ன அர்த்தம் என்று அவள் என்னைத்தான் பார்த்தாள், நான் குனிந்துகொண்டேன். பக்கத்தில் இருந்த தோழியிடம் வேலையைக் கொடுத்துவிட்டுப் படி இறங்கி வந்தாள்.

மாமா காகிதத்தை நீட்டினார். அவள் பிரித்தாள்.

"நூத்தி நாப்பத்தொண்ணு" என்றாள். "எட நாலு கிலோ எறங்கியிருக்குது."

அதைச் சொன்னபோது அவள் குரலில் சந்தோஷம் இருந்தது. அடுத்த மூச்சில் அது போய்விட்டது. "ஆனா நூத்தி முப்பதுக்குக் கீழ வரல." காகிதத்தை மடிப்பு மாறாமல் மடித்தாள். "குடும்பத்துல மாரடைப்பு இருக்கறதால மாத்திரையும் வேணும்னு எழுதியிருக்காங்க. மல்லாட்ட மட்டும் மாத்திர வேலைய செய்யாதுப்பா. தெனம் போடு, பெரியப்பா மாதிரி பரண்ல போடாத." காகிதத்தை அவர் சட்டைப் பையில் திரும்ப வைத்தாள். "சரி. பேசமாட்டன்னு சொல்லியிருக்கறன். தையில வெச்சிக்க."

"எத வெச்சிக்கறது?" என்றார் மாமா. "நேத்தே திருநாவலூரு போயி சொல்லிட்டு வந்துட்டன். படிப்ப முடிச்சிதான் கட்டிக் குடுப்பன், காத்துக்கினு இருக்க முடிஞ்சா இருங்க, இல்லன்னா வேற எடம் பாத்துக்கங்கன்னு. வேற எடம் பாக்கறன்னாங்க. பாத்துக்கட்டும்னு எழுந்து வந்துட்டன்."

காலையிலிருந்து கூடவே வந்த என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை இந்த ஆள். கழுத்தைப் பிடிக்கலாம் போல இருந்தது எனக்கு.

நர்மதா கேட்டாள். "ரத்தம் குடுக்கறதுக்கு முன்னாடியேவா? ஏம்ப்பா?"

அவர் கால் ஆடிக்கொண்டே இருந்தது.

"நேத்து சாயங்காலம் போண்டாக் கடைக்குப் போயி நின்னன். நாளைக்கி ரத்தம் குடுக்கணும், இன்னிக்கி வயிறு முட்டத் தின்னுட்டா ஏறிடும், கல்யாணம் நடந்துடும்னு நெனச்சிக்கினு நின்னன். தட்டுல வெச்சிக் குடுத்துட்டான். கையில வாங்கிட்டன். அப்பதான் இன்னாடா பண்றன்னு எனக்கே ஒறச்சிச்சி. உன்னத் தள்ளி உடறதுக்கு நான் என் நெஞ்சையே அடச்சிக்கப் பாக்கறன். அதுக்கா உன்னப் பெத்தன்?" மூக்கைத் துண்டால் துடைத்தார். "தட்ட வெச்சிட்டு அப்படியே திருநாவலூரு பஸ்ஸ புடிச்சிட்டன்."

நர்மதா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். வராந்தாவிலிருந்து வெள்ளச்சி அம்மா எட்டிப் பார்த்து, "உங்க அப்பாவா கண்ணு?" என்று கேட்டார். நர்மதா தலையை மட்டும் ஆட்டினாள்.

"எறங்கறது மெதுவா எறங்கட்டும். மாத்திரையும் போடறன், நடக்கவும் நடக்கறன். வர்ற சித்திரையில தின்ன ஒரு மூட்ட தனியா வெக்கணும், மில்லுக்கு அனுப்பிட்டன்னா பாருன்னு உங்கம்மாகிட்ட சொல்லிட்டன். நீ படிச்சி முடி." துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "நான் இருக்கறன்."

சித்திரையிலிருந்து இந்த மனுஷன் வாயால் நான் கேட்காத வார்த்தை அது. மணி நாலு ஆகியிருந்தது. சட்டைப் பையில் கைவிட்டு மல்லாட்டையை எடுத்தார், மகளுக்குக் கொஞ்சம் கொடுத்தார், எனக்கும் இரண்டு கொடுத்தார். பிறகு யாரும் சொல்லாமலே அந்தப் படியில் உட்கார்ந்தார்.